வைஃபை மந்தமானால் முதலில் புளூடூத்தை அணைத்துப் பாருங்கள்

சின்னக் கணினியில் வைஃபை இழுக்கிறது என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, ‘அதில் புளூடூத் ஓடுகிறதா?’ என்பதுதான். ரூட்டர் எவ்வளவு தூரம், நடுவில் எத்தனை சுவர் என்பதெல்லாம் அப்புறம். ராஸ்பெரி பை (உள்ளங்கையளவுக் கணினி; சுருக்கமாக ‘பை’), ஈஎஸ்பி32 (வைஃபையும் புளூடூத்தும் உள்ளேயே கொண்ட சின்னக் கட்டுப்பாட்டுச் சிப்) மாதிரியான போர்டுகளில் இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பிரச்சினை பிடிபட்டுவிடும்.

நான் இந்த போர்டுகளை வீட்டில் இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறேன். ஒன்று, நெட்வொர்க்கில் இருக்கும் பாட்டுத் தொகுப்பை எடுத்து புளூடூத் ஸ்பீக்கரில் பாட வைப்பது. இன்னொன்று, அறைகளில் ஒட்டியிருக்கும் புளூடூத் வெப்பமானிகளின் அளவுகளைச் சேகரித்து வைஃபை வழியாக அனுப்புவது. இரண்டிலுமே வைஃபையும் புளூடூத்தும் ஒரே நேரத்தில் வேலை செய்தாக வேண்டும். ஒன்றை நிரந்தரமாக அணைத்துவிட்டுப் போக வழியில்லை. அதனால் இரண்டையும் எப்படி ஒத்துப்போக வைப்பது என்று கொஞ்சம் ஆழமாகவே பார்க்க வேண்டியிருந்தது. அதைத்தான் எழுதுகிறேன். கட்டளைகளின் பெயர்களைத் தமிழ் ஒலியில் தந்திருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

அறிகுறிகளைச் சொல்லிவிடுகிறேன். சிக்னல் கோடுகள் முழுசாக இருக்கும், ஆனால் கோப்பு இறங்கும் வேகம் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும். தூரத்திலிருந்து டெர்மினலில் நுழைந்தால், அடித்த எழுத்துகள் கொஞ்ச நேரம் வராமல் இருந்து பிறகு கும்பலாக வந்து விழும். அதே இடத்தில் வைத்த கைபேசியில் வைஃபை நன்றாக ஓடும். புளூடூத் ஹெட்போனை இணைத்த நிமிடத்திலிருந்தோ, ஏதோ ஒரு நிரல் சாதனங்களைத் தேடத் தொடங்கியதிலிருந்தோ இப்படி ஆகிறது என்றால் சந்தேகம் இன்னும் பலப்படும்.

ஏன் இப்படி ஆகிறது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். காரணம் புரிந்துவிட்டால் தீர்வுகளில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

வைஃபையின் பழைய 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பேண்டும் (அலைவரிசைப் பட்டை) புளூடூத்தும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன: 2400 மெகாஹெர்ட்ஸிலிருந்து 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை. வைஃபை இதில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமான ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடும். ஹெட்போன், ஸ்பீக்கர் பயன்படுத்தும் வழக்கமான புளூடூத்தோ 1 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 79 சேனல்களுக்குள் நொடிக்கு 1600 முறை தாவும். ஒவ்வொரு தாவலிலும் அது தங்கும் நேரம் 625 மைக்ரோசெகண்ட்.

இந்தத் தாவலால் வரும் மோதல் ஓரளவுதான் தொந்தரவு. 2003இல் வந்த புளூடூத் 1.2 முதல், வைஃபை நிற்கும் சேனல்களைக் கண்டுபிடித்து அவற்றைத் தவிர்த்துத் தாவும் வசதி இருக்கிறது. தனித்தனி இடத்தில் இருக்கும் ஒரு புளூடூத் சாதனமும் ஒரு மடிக்கணினியும் இதனால் பெரும்பாலும் சமாதானமாகவே வாழ்கின்றன.

சின்ன போர்டுகளின் கதை வேறு. ராஸ்பெரி பையில் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் ஒரே சிப், ஒரே ஆன்டெனா. 2016இல் வந்த பை 3தான் இரண்டையும் உள்ளேயே கொண்ட முதல் பை. அன்று முதல் இதே ஏற்பாடுதான். ஈஎஸ்பி32இல் ரேடியோவே ஒன்றுதான். ஒரே மைக்கை இரண்டு பேர் மாற்றி மாற்றி வாங்கிப் பேசுவது போல, 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இந்த நொடி புளூடூத் பேசினால் வைஃபை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எந்தச் சேனலில் பேசுகிறார்கள் என்பதற்கு இங்கே அர்த்தமே இல்லை. சேனல் தள்ளியிருந்தாலும் மைக் ஒன்றுதானே.

அதனால்தான் சிக்னல் பலத்தைப் பார்த்து இந்தப் பிரச்சினையைக் கண்டுபிடிக்க முடியாது என்கிறேன். பலம் குறையவில்லை. நேரம்தான் குறைகிறது.

யார் எப்போது பேசுவது என்பதைச் சிப்புக்குள் இருக்கும் ஒரு நடுவர் முடிவு செய்கிறது. அது எல்லாரையும் சமமாக நடத்துவதில்லை. தொலைபேசிக் குரல் மாதிரி தாமதம் தாங்காதவற்றுக்கு முன்னுரிமை. குரல் இணைப்பின் பழைய, இன்னும் புழங்கும் முறை ஒன்றில் ஒவ்வொரு 3.75 மில்லிசெகண்டிலும் 1.25 மில்லிசெகண்டை அது கண்டிப்பாக எடுத்துக்கொள்ளும். மூன்றில் ஒரு பங்கு நேரம் போய்விட்டது. மீதி மூன்றில் இரண்டு பங்கு வைஃபைக்குக் கிடைக்குமே என்று நினைக்கலாம். அப்படிக் கிடைப்பதில்லை, ஏனென்றால் அந்த மீதி நேரம் துண்டு துண்டாக இருக்கிறது. ஒரு துண்டுக்குள் பாக்கெட்டையும் அனுப்பி, வந்து சேர்ந்தது என்ற பதிலையும் வாங்கியாக வேண்டும்.

இதற்கு மேல் ஒரு சுழல் இருக்கிறது. என்னைக் கேட்டால் வேகத்தை உண்மையில் கொல்வது இதுதான். புளூடூத்தின் முறையில் ரூட்டர் ஒரு பாக்கெட்டை அனுப்பினால் அது கேட்கப்படாமல் போகும். பதில் வராததைப் பார்த்த ரூட்டர், ‘தூரம் அதிகமோ, சிக்னல் பலவீனமோ’ என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்து மறுபடி அனுப்பும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1500 பைட் பாக்கெட் என்பது 12,000 பிட். 72 மெகாபிட் வேகத்தில் அதைக் காற்றில் அனுப்ப சுமார் 167 மைக்ரோசெகண்ட் போதும். புளூடூத்தின் இடைவெளிக்குள் சுலபமாக நுழைந்துவிடும். வேகம் 6 மெகாபிட்டுக்கு இறங்கினால் அதே பாக்கெட்டுக்கு 2 மில்லிசெகண்ட் வேண்டும், அதாவது புளூடூத்தின் மூன்று தாவல்களுக்கு மேல். நீளமான பாக்கெட் மோதும் வாய்ப்பு இன்னும் அதிகம். மோதினால் வேகம் இன்னும் குறையும்.

நல்ல சிப்புகள் இதைத் தடுக்க ஒரு உபாயம் செய்கின்றன. புளூடூத்தின் முறை வருவதற்குச் சற்று முன்னால், ‘நான் உறங்கப் போகிறேன், பாக்கெட்டை வைத்துக்கொள்’ என்று ரூட்டருக்குச் சொல்லிவிடும். ரூட்டர் பிடித்து வைத்திருந்து பிறகு தரும். இழப்பு குறையும், ஆனால் தாமதம் கூடும். டெர்மினலில் எழுத்துகள் கும்பலாக வந்து விழுவதற்கு இப்படிப் பிடித்து வைப்பதும் ஒரு காரணம்.

முதலில் அளந்துவிடுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஓர் அளவு கையில் இருக்க வேண்டும். இணையத்தில் வேகம் பார்க்கும் பக்கங்களை இதற்கு நம்பாதீர்கள். அவற்றில் உங்கள் இணைய இணைப்பின் ஏற்ற இறக்கமும் கலந்துவிடும். ரூட்டரில் கேபிள் வழியாக இணைந்த ஒரு கணினியில், நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ‘ஐபெர்ஃப்3’ நிரலை சர்வராக ஓடவிட்டு, போர்டிலிருந்து அதை நோக்கி ஒரு நிமிடம் அளவெடுங்கள். நொடிக்கு ஒரு வரி அச்சாகும்படி வையுங்கள். சராசரியை விட அந்த வரிகள்தான் முக்கியம்: வேகம் சீராகக் குறைவாக இருக்கிறதா, அல்லது நொடிக்கு நொடி பூஜ்யம் வரை போய் வருகிறதா என்று அதில்தான் தெரியும். பிறகு எதிர்த் திசையிலும் எடுங்கள். போர்டு அனுப்புவது நன்றாக இருந்து பெறுவது மட்டும் மோசமாக இருப்பது சகஜம். தான் அனுப்பும் நேரத்தைப் போர்டு தானே தேர்ந்தெடுக்கலாம். ரூட்டர் எப்போது அனுப்பும் என்பது அதன் கையில் இல்லை.

கூடவே இன்னொரு டெர்மினலில் ரூட்டருக்கு ‘பிங்’ ஓடட்டும். சில மில்லிசெகண்டில் வர வேண்டிய பதில் நூறு, இருநூறு என்று குதிக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்ததுதான் சோதனையே. ‘சூடோ ஆர்எஃப்கில் பிளாக் புளூடூத்’ என்று கொடுத்தால் புளூடூத் ரேடியோ அணைந்துவிடும். போர்டை அசைக்காதீர்கள், ரூட்டரைத் தொடாதீர்கள். இதே அளவுகளை மறுபடி எடுங்கள். பிறகு ‘பிளாக்’ இருந்த இடத்தில் ‘அன்பிளாக்’ கொடுத்து, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஹெட்போனையோ ஸ்பீக்கரையோ இணைத்து, பாட்டு ஓடும்போது மூன்றாவது முறை எடுங்கள். அணைத்தபோது சீராகி, இயக்கியபோது மறுபடி தள்ளாடினால் காரணம் உறுதி. அணைத்தும் மாற்றமே இல்லை என்றால் கடைசியில் சொல்லியிருக்கும் வேறு காரணங்களுக்குப் போய்விடுங்கள். நடுவில் உள்ளவை உங்களுக்கு உதவாது.

ஓர் எச்சரிக்கை. தூரத்திலிருந்து இணைந்து இதைச் செய்யும்போது, போர்டில் உங்களுக்கு இருக்கும் ஒரே கீபோர்டு புளூடூத் கீபோர்டாக இருந்தால், கேபிள் கீபோர்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்எஃப்கில் நிலை மறுதொடக்கத்துக்குப் பிறகும் தொடரக்கூடும்.

புளூடூத்தே வேண்டாம் என்பவர்களுக்கு இங்கேயே வேலை முடிந்தது. பையின் ‘கான்ஃபிக்’ கோப்பில் ‘டிடிஓவர்லே’ வரியாக ‘டிசேபிள்-பிடி’ என்று சேர்த்து மறுதொடக்கம் செய்தால் நிரந்தரமாக நின்றுவிடும். பையின் இயங்குதளத்தில் 2023இல் வந்த புக்வார்ம் பதிப்பிலிருந்து அந்தக் கோப்பு ‘பூட்’ அடைவுக்குள் ‘ஃபர்ம்வேர்’ என்ற துணை அடைவில் இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் ‘பூட்’ அடைவிலேயே இருக்கும்.

5 ஜிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்குப் போங்கள்

இதுதான் நிஜமான தீர்வு. புளூடூத் 2.4இல் இருக்கட்டும், வைஃபை 5 ஜிகாஹெர்ட்ஸுக்குப் போகட்டும். இருவருக்கும் இடையே காற்றில் மோதலே இல்லாமல் போகும். இதைச் செய்த பிறகு மீதி எதையும் தொட வேண்டிய அவசியம் எனக்குப் பெரும்பாலும் வந்ததில்லை.

ஆனால் உங்கள் போர்டில் அது இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பை 3பி+, 3ஏ+, பை 4, பை 400, பை 5 எல்லாவற்றிலும் இரண்டு பேண்டும் உண்டு. பை 3பி, ஜீரோ டபிள்யூ, ஜீரோ 2 டபிள்யூ, பிக்கோ டபிள்யூ இவற்றில் 2.4 மட்டும்தான். ஜீரோ 2 டபிள்யூ 2021இல் வந்ததாயிற்றே, அதில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இல்லை.

இருந்தும் அது தானாக 5க்குப் போகாமல் 2.4இலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். ரூட்டர் இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் தூரத்தில் 2.4இன் சிக்னல்தான் பலமாகத் தெரியும். ‘ஐடபிள்யூ’ நிரலிடம் இணைப்பின் விவரம் கேட்டால் அலைவரிசை எண்ணைக் காட்டும். 2412, 2437 என்று 24இல் தொடங்கினால் இன்னும் பழைய பேண்டில்தான் இருக்கிறீர்கள்; 5180 மாதிரி வர வேண்டும். கட்டாயப்படுத்த, இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் நிரலில் அந்த இணைப்பின் ‘பேண்ட்’ அமைப்புக்கு, 5 ஜிகாஹெர்ட்ஸைக் குறிக்கும் ‘ஏ’ என்று மதிப்புக் கொடுங்கள். அதற்குப் பிறகு 2.4ஐ அது சீண்டாது. ரூட்டரில் இரண்டு பேண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைப்பதும் இதே பலனைத் தரும், ஆனால் வீட்டில் மற்றவர்களின் கைபேசிகள் இடம் மாறும்போது அவர்களுக்கு அது தொல்லை. அதனால் நான் போர்டில்தான் மாற்றுவேன்.

5 ஜிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க் பட்டியலிலேயே தெரியவில்லை என்றால் நாட்டுக் குறியீட்டைப் பாருங்கள். பையின் அமைப்பு நிரலான ‘ராஸ்பி-கான்ஃபிக்’கில் வைஃபை நாடு என்று ஓர் இடம் இருக்கிறது. அது சரியாக இல்லாவிட்டால் உங்கள் ரூட்டர் இருக்கும் சேனலைப் போர்டு தொடவே தொடாது. அதுவும் சரியாக இருந்து இன்னும் தெரியவில்லை என்றால், ரூட்டரை 36இலிருந்து 48க்குள் ஏதாவது சேனலில் நிறுத்திப் பாருங்கள். அவற்றுக்கு மேலே 52இலிருந்து 144 வரை உள்ள பெரும்பாலான சேனல்களை ரேடாரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். ரேடார் தென்பட்டால் ரூட்டர் இடத்தைக் காலி செய்துவிட்டு ஓட வேண்டியிருக்கும்.

சுவர்களைத் தாண்டும் திறன் 5 ஜிகாஹெர்ட்ஸுக்குக் குறைவு என்பது உண்மைதான். அதற்குப் பயந்து 2.4இல் தங்கிவிடாதீர்கள். புளூடூத் பேசிக்கொண்டே இருக்கும் போர்டில், பலம் குறைந்த 5 பலமான 2.4ஐ விட நன்றாக ஓடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

2.4 மட்டும் உள்ள போர்டுகளுக்கு

இங்கே இரண்டு வேலை. ஒன்று வைஃபை தன் நேரத்தைச் சுருக்கிக்கொள்ள உதவுவது, இன்னொன்று புளூடூத் பேசுவதைக் குறைப்பது. இரண்டாவதில்தான் பலன் அதிகம்.

முதல் வேலை ரூட்டரில். 2.4 பேண்டின் அகலம் 40 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தால் 20க்கு மாற்றுங்கள். 40 என்பது பேண்டில் பாதியை விழுங்கிவிடும்; புளூடூத் ஒதுங்கிப் போக இடம் இருக்காது. பிறகு 1, 6, 11 மூன்றில் அக்கம்பக்கத்து நெட்வொர்க்குகள் குறைவாக இருக்கும் சேனலைத் தேர்ந்து நிலையாக வையுங்கள். தானியங்கித் தேர்வில் விட்டால் ரூட்டர் இடம் மாறும் ஒவ்வொரு முறையும் புளூடூத் தன் தவிர்ப்புப் பட்டியலைப் புதிதாகக் கற்க வேண்டும். மூன்றுக்கும் நடுவில் 3, 4, 8 என்று வைப்பது பலரும் செய்வது. அது கெடுதல்தான்: இரண்டு பக்கத்து நெட்வொர்க்குகளோடும் அரைகுறையாக மோதும்.

போர்டை ரூட்டருக்கு அருகே கொண்டுபோவதும் உதவும். ‘பலம் பிரச்சினை இல்லை என்றாயே’ என்று கேட்கலாம். பலம் கூடினால் பாக்கெட் வேகமாகப் பறக்கும், சீக்கிரம் முடியும், கிடைக்கும் சின்ன இடைவெளிக்குள் நுழையும். மேலே போட்ட 167 மைக்ரோசெகண்ட் கணக்கு நினைவிருக்கட்டும்.

இனி புளூடூத் பக்கம். எது எவ்வளவு நேரம் தின்கிறது என்று தெரிந்தால் எங்கே வெட்டுவது என்று தெரியும்.

மிக மோசமானது தேடல். சுற்றிலும் என்ன சாதனங்கள் இருக்கின்றன என்று தேடும் முறை வழக்கமாக 10.24 நொடி ஓடும், அந்த நேரம் முழுக்க ஆன்டெனாவை விடாப்பிடியாகக் கேட்கும். டெஸ்க்டாப்பில் புளூடூத் அமைப்புச் சாளரத்தைத் திறந்தே விட்டிருந்தால், பல இடங்களில் தேடல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். சாளரத்தை மூடினாலே வைஃபை மூச்சுவிடும். டெர்மினலில் புளூடூத்தைக் கையாளும் ‘புளூடூத்சிடிஎல்’ நிரலைத் திறந்து ‘ஷோ’ என்று கேளுங்கள். ‘டிஸ்கவரிங்’ என்ற வரிக்கு ‘எஸ்’ என்று இருந்தால் யாரோ தேடிக்கொண்டிருக்கிறார்கள். அங்கேயே ‘ஸ்கேன் ஆஃப்’ கொடுத்தால் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது நீங்கள் தொடங்கிய தேடலை மட்டும்தான் நிறுத்தும். வேறு நிரல் தொடங்கியதை அந்த நிரலில்தான் நிறுத்த வேண்டும். யார் என்று தெரியாவிட்டால், பின்னணியில் ஓடும் சேவைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி ‘ஷோ’வைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். வீட்டுத் தானியக்க நிரல்கள்தான் வழக்கமாக முதலில் அகப்படும்.

இரண்டாவது, இல்லாத சாதனத்தைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஸ்பீக்கரை அணைத்துவிடுகிறோம்; போர்டில் இருக்கும் ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் அதைத் திரும்ப இணைக்க முயன்றுகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முயற்சியும் பதில் வராவிட்டால் வழக்கமாக 5.12 நொடி வரை கூப்பிடும். ஸ்கிரிப்ட் பத்து நொடிக்கு ஒருமுறை முயன்றால் பாதி நேரம் அதிலேயே போகிறது. ஸ்பீக்கர் ஓடும்போது நன்றாக இருந்த வைஃபை, ஸ்பீக்கரை அணைத்ததும் மோசமாகிறது என்று வரும் விசித்திரமான புகார்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான். முயற்சிகளுக்கு நடுவே சில நிமிட இடைவெளி விடுங்கள், அல்லது ஸ்பீக்கரே வந்து போர்டைக் கூப்பிடும்படி விட்டுவிடுங்கள். பெரும்பாலான ஸ்பீக்கர்கள் இயக்கியதும் கடைசியாக இணைந்த சாதனத்தைத் தாமாகவே கூப்பிடும். ‘பிடிமான்’ என்ற நிரலை ஓடவிட்டால் இந்தக் கூப்பாடுகள் எல்லாம் வரிவரியாகத் தெரியும்.

மூன்றாவது ஹெட்போனின் மைக். பாட்டு மட்டும் கேட்கும்போது புளூடூத் தரவைச் சேர்த்து வைத்து அனுப்பும், தாமதமானாலும் சமாளிக்கும், நடுவில் வைஃபைக்கு இடம் விடும். மைக்கைத் திறந்ததும் குரல் இணைப்புக்கு மாறி, மேலே சொன்ன அந்தப் பிடிவாதமான அட்டவணைக்குப் போய்விடும். பாட்டின் தரமும் சட்டென்று தொலைபேசிக் குரல் போல ஆகிவிடும், அதுவே அடையாளம். ஒலி அமைப்பில் சாதனத்தின் சுயவிவரத்தை, பாட்டு கேட்பதற்கான ‘ஏ2டிபி’ என்று வைத்து, மைக்குக்கு யூஎஸ்பி மைக் பயன்படுத்துங்கள். இந்த மாற்றத்தின் பலன் உடனே கண்ணுக்குத் தெரியும்.

கீபோர்டு, மவுஸ் மீது சந்தேகப்பட வேண்டாம். அவை அனுப்புவது கொஞ்சம்தான்.

நான்காவது, வெப்பமானி மாதிரி சென்சார்களைக் கேட்கும் குறைந்த ஆற்றல் புளூடூத். இதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த சென்சார்கள் 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸ் என்ற மூன்று சேனல்களில் அறிவிப்புச் செய்கின்றன. வைஃபையின் 1, 6, 11 சேனல்களின் நெரிசலில் சிக்காமல் விழும்படி வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த இடங்கள் அவை. அறிவிப்பவருக்கு அது நல்லது. கேட்பவர் போர்டு என்றால், கேட்கும் நேரம் முழுவதும் ஆன்டெனா அங்கே மாட்டிக்கொள்ளும். கேட்பதற்கு இரண்டு எண்கள் உண்டு: எத்தனை நேரத்துக்கு ஒருமுறை கேட்பது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் கேட்பது. இரண்டும் சமமாக இருந்தால் போர்டு இடைவிடாமல் கேட்கிறது என்று அர்த்தம், வைஃபைக்கு மிச்சம் மீதிதான். 320 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை 30 மில்லிசெகண்ட் கேட்டால் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. சில அறிவிப்புகள் தவறிப்போகும், போகட்டும். அறையின் வெப்பநிலை ஒரு நொடியில் மாறிவிடப் போவதில்லை. சென்சாரிடம் கூடுதல் விவரம் கேட்காமல் வெறுமனே கேட்டுக்கொள்ளும் முறையை நிரல் தந்தால் அதையே வையுங்கள். ஒவ்வொரு அறிவிப்புக்கும் பதிலுக்குப் பேசும் நேரம் மிச்சம்.

ஈஎஸ்பி32இல் இந்த இரண்டு எண்களும் உயிர்நாடி. ஒரே ரேடியோவை மென்பொருள் நேரம் பிரித்துத் தருகிறது. கூடவே, வைஃபையும் புளூடூத்தும் சேர்ந்து ஓடும்போது வைஃபையின் உறக்க முறை இயங்கியே ஆக வேண்டும். ‘தாமதம் குறையட்டும்’ என்று அதை அணைத்து வைத்த நிரல், புளூடூத்தைச் சேர்த்ததும் பிழைச் செய்தியோடு விழுந்துவிடும். நிறைய சென்சார்களை இடைவிடாமல் கேட்டாக வேண்டும் என்றால், எண்களோடு மல்லுக்கட்டாமல் ஈதர்நெட் கொண்ட ஈஎஸ்பி32 போர்டை வாங்கிவிடுங்கள். அப்போது ரேடியோ முழுக்கவும் புளூடூத்துக்கே.

டாங்கிள் போடுவது என்றால்

பையில் உள்ளே இருக்கும் புளூடூத்தை அணைத்துவிட்டு யூஎஸ்பி புளூடூத் டாங்கிள் (யூஎஸ்பி துளையில் செருகும் சின்னப் புளூடூத் சாதனம்) ஒன்றைச் செருகினால் ஆன்டெனா தனியாகிவிடும். நல்ல வழிதான், ஆனால் போர்டின் மீதே செருகி விட்டுவிடாதீர்கள். இப்போது இருவருக்கும் நடுவர் இல்லை; இரண்டு சென்டிமீட்டர் தள்ளி டாங்கிள் பேசும்போது, தூரத்து ரூட்டரின் குரலைவிட அது பல்லாயிரம் மடங்கு பலமாக வைஃபையின் காதில் விழும். ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். கேபிள் இல்லாமல் டாங்கிளைச் செருகிவிட்டு, ‘பயனில்லை’ என்று சொன்னவர்களில் பலருக்குக் கேபிள்தான் பதிலாக இருந்தது.

செருகும் இடமும் முக்கியம். பை 4, பை 5இல் நீல நிற யூஎஸ்பி 3 துளைகளைத் தவிர்த்துக் கருப்பு நிற யூஎஸ்பி 2 துளையில் செருகுங்கள். யூஎஸ்பி 3இன் 5 ஜிகாபிட் ஓட்டம் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் பரவலாக இரைச்சலைக் கசியவிடும். இன்டெல் நிறுவனமே இதை 2012இல் ஓர் அறிக்கையாக விளக்கியிருக்கிறது. எஸ்எஸ்டியை யூஎஸ்பி 3இல் ஓட்டுபவர்கள், அதிலிருந்து படிக்கும்போது மட்டும் வைஃபை சரிகிறதா என்று பாருங்கள். சரிந்தால் புளூடூத்துக்குச் சம்பந்தமே இல்லை. எஸ்எஸ்டியைப் போர்டிலிருந்து தள்ளி வைத்து, நல்ல உறையுள்ள கேபிளுக்கு மாறினாலே தணியும்.

புளூடூத்தை அணைத்தும் மாறவில்லையா

பையில் வைஃபையின் ஆற்றல் சேமிப்பு பெரும்பாலும் இயக்கத்திலேயே வரும். டெர்மினலில் கொஞ்ச நேரம் சும்மா இருந்து பிறகு அடிக்கும் முதல் எழுத்து மட்டும் தாமதமாகிறது, கோப்பு வேகம் நன்றாகவே இருக்கிறது என்றால் காரணம் அதுதான். ‘ஐடபிள்யூ’ வழியாக ‘பவர் சேவ்’ என்பதை ‘ஆஃப்’ செய்யுங்கள். மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிலைக்க, நெட்வொர்க் மேனேஜரில் அந்த இணைப்பின் அமைப்பிலேயே மாற்ற வேண்டும்.

மின்சாரம் போதாமல் போவதும் உண்டு. பையில் ‘விசிஜென்சிஎம்டி’ நிரலிடம் ‘கெட் த்ராட்டில்ட்’ என்று கேட்டால், எல்லாம் நலமாக இருந்தால் பூஜ்யம் காட்டும். வேறு எண் வந்தால் முதலில் அடாப்டரையும் கேபிளையும் மாற்றுங்கள். உலோகப் பெட்டிக்குள் போர்டை வைத்திருந்தால் திறந்து ஒருமுறை அளந்து பாருங்கள். ஆன்டெனா போர்டின் மீதேதான் இருக்கிறது.

பை 4இல் திரை சம்பந்தமாக ஒன்று உண்டு. திரையை 2560க்கு 1440 என்ற அளவில் ஓட்டினால் வைஃபை தள்ளாடுவதாக 2019இல் அந்த போர்டு வந்த சில மாதங்களிலேயே பலரும் கண்டார்கள். அந்த அளவுக்கான ஹெச்டிஎம்ஐ கடிகாரம் 241.5 மெகாஹெர்ட்ஸ், அதன் பத்து மடங்கு 2415, வைஃபையின் முதல் சேனலின் நட்டநடுவுக்குப் பக்கத்தில் விழுகிறது. உங்களுக்கும் இதே அளவுத் திரை என்றால் அதை 1920க்கு 1080 ஆக மாற்றிப் பாருங்கள், அல்லது ரூட்டரைச் சேனல் 11க்குத் தள்ளுங்கள்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே ஒரு நிமிட அளவை அதே இரண்டு திசையிலும் எடுத்து, எண்ணைத் தேதியோடு ஒரு கோப்பில் குறித்து வையுங்கள். இயங்குதளத்தைப் புதுப்பிக்கும்போது சிப்பின் ஃபர்ம்வேரும் சேர்ந்து மாறும், நடுவரின் முன்னுரிமைகளும் அதோடு மாறலாம். அன்றைக்கு வைஃபை மறுபடி இழுத்தால் ஒப்பிட அந்தக் கோப்பு வேண்டும்.